அயர்லாந்துக்குப் போன மூன்று மொட்டைகள்

ஐந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு நவம்பர் மாதம். பெரம்பலூரிலிருந்து கிளம்பி, திருச்சியில் விமானம் ஏறி, அயர்லாந்தில் கடலோரமாக இருக்கிற ஒரு சின்ன ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். நான், ஏழு வயது மகள், மூன்று வயது மகன். மூன்று பேர் தலையிலும் ஒரு முடி கிடையாது. வழவழவென்று மூன்று மொட்டைகள்.

இதை என் மனைவி இருக்கும் இடத்தில் வாயால் சொல்ல ஆரம்பித்தால் அவள் பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

மனைவி நர்ஸ். பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். நான் அரியலூரில் லாரி எடைமேடையில் கிளார்க். சிமென்ட் லாரியும் சுண்ணாம்புக்கல் லாரியும் வரிசை கட்டி நிற்கும், ஏற்றி இறக்கி எடை குறித்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க டிரைவர்களோடு கத்திக் கத்தி, வீட்டுக்கு வந்தாலும் அதே குரலில்தான் பேசுவேன். வெளிநாட்டு வேலைக்கு நர்சுகள் எழுதுகிற ஆங்கிலப் பரீட்சையை மனைவி இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கொஞ்சத்தில் தவறவிட்டாள். மூன்றாவது முறை எழுதப் போனபோது, நான் அவளிடம் கேட்காமலேயே குலதெய்வத்திடம் ஒரு வேண்டுதல் வைத்துவிட்டேன். இவள் பாஸ் ஆகி, எங்கள் எல்லாருக்கும் விசா வந்துவிட்டால், குடும்பத்தோடு முடி இறக்குகிறேன் என்று.

பாஸ் ஆனாள். ஜூலையில் அவள் முதலில் போனாள். நான்கு மாதம் கழித்து எங்களுக்கும் விசா வந்தது. அப்போதுதான் போனில் அவளிடம் வேண்டுதலைச் சொன்னேன்.

“பையனுக்கு எறக்குங்க, நீங்களும் எறக்கிக்கங்க, வேணாங்கல. பொண்ணுக்கு மட்டும் பூமுடி குடுத்துட்டு வாங்க. அங்க குளுரு, புது ஸ்கூலு. சாமி ஒண்ணும் கோச்சுக்காது” என்றாள்.

பூமுடி என்றால் மூன்று இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்து உண்டியலில் போடுவது. பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பத்து கிலோ எடை கூடினாலும் லாரியை ஓரம் கட்டுகிற ஆள் நான். சாமியிடம் மட்டும் எடை குறைப்பதா? சரி சரி என்று போனை வைத்துவிட்டு, கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் பிள்ளைகளை ஜெயங்கொண்டத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில், முந்திரிக்காட்டுக்கு நடுவில் எங்கள் கோயில்.

தாய்மாமன் மடி வேண்டுமென்று மனைவியின் தம்பியையும் கூட்டிக்கொண்டேன். பையன் சிரித்துக்கொண்டே மொட்டை அடித்துக்கொண்டான். காது குத்தும்போதுதான் காட்டைக் கூட்டினான். அடுத்து மகளை உட்காரச் சொன்னேன்.

“மாமா, அக்கா பூமுடி போதும்னுச்சே?” என்றான் மச்சான்.

“வேண்டுனது நானு. ஒங்க அக்கா இல்ல” என்றேன்.

மகளுக்கு அப்போது முதுகு வரைக்கும் முடி. ரெட்டைச் சடை பின்னினால் ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் பருமன் இருக்கும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மாமன் மடியில் உட்கார்ந்தாள். கண்ணீர் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. நான் அதையெல்லாம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். சந்தனம் பூசி முடித்ததும் கையால் தலையைத் தடவிப் பார்த்து, “அம்மாக்கு என்னைத் தெரியுமாப்பா?” என்று கேட்டாள். அதெல்லாம் தெரியும் தெரியும் என்று சொல்லி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த மூன்று நாளும் மனைவி வீடியோ காலில் வந்தபோதெல்லாம் நெட் சரியில்லை என்று சமாளித்தேன்.

விமான நிலையத்தில் மனைவி ஓடி வந்து மகளைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் குல்லா கழன்று விழுந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் நடுவில் மகளின் தலையைத் தன் கோட்டுக்குள் மூடிக்கொண்டு அழுதாள். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அரிசி எங்கே இருக்கிறது என்று கேட்டபோது, கை காட்டினாள்.

அங்கே என் வேலை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான். சமையல், துணி துவைப்பது, மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது. பள்ளி வாசலில் நிற்கிற அம்மாக்களுக்கு நடுவில், கையில் ஒரு பையனோடு, மொட்டைத் தலையோடு நான். எனக்கு வேறு இருபத்தெட்டு வயதிலேயே முன்மண்டையில் வழுக்கை விழ ஆரம்பித்துவிட்டது. மொட்டை அடித்த பிறகு கண்ணாடியில் பார்த்தால், இதுவே எடுப்பாக இருக்கிற மாதிரித் தோன்றியது. வாரம் ஒரு முறை நானே ரேசரால் வழித்துக்கொண்டேன். கையோடு பையனுக்கும் மிஷினால் ஒட்ட வெட்டிவிட்டேன். மகள் தலையில் மட்டும் கை வைக்கவில்லை, வைத்தால் மனைவி என்னை ஊருக்கே அனுப்பியிருப்பாள்.

மகள் குல்லாவைக் கழற்றவே மாட்டாள். வகுப்பிலும் குல்லா, தூங்கும்போதும் குல்லா. டீச்சரும் கழற்றச் சொல்லவில்லை. நவம்பர் முழுக்க அவளுக்குச் சளி, இருமல். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போக மாட்டாள். புதுச் சாப்பாடு பிடிக்காமல் இளைத்தும் போயிருந்தாள். இதில் மனைவிக்கு இரவு டூட்டி வந்துவிட்டது. நான்கு மாதம் அம்மாவைப் பிரிந்திருந்த பிள்ளை அல்லவா, காலையில் அம்மா முகத்தைப் பார்க்காமல் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம். அதனால் டூட்டி முடிகிற நேரத்துக்கு இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் போய் நிற்பேன். அம்மா வந்ததும் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள்.

நம் ஊராக இருந்தால் இதெல்லாம் ஒரு விஷயமா? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரே எந்தக் கோயில், என்ன வேண்டுதல், பையனுக்குக் காது குத்தியாச்சா என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்திருப்பார். அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. மழையைப் பற்றி மட்டும் பேசுவார்கள். அடுத்தவர் சொந்த விஷயத்தைக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. அது எனக்கு அப்போது தெரியாது. மொட்டையைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே, இந்த ஊருக்கு இதெல்லாம் பழக்கம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் போய் இரண்டு வாரம் இருக்கும். கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மூடி போட்ட பாத்திரம். உள்ளே சூடாகக் கோழி சூப். மேலே ஒரு சீட்டில் பெயர்கூடப் போடாமல், உங்கள் குடும்பத்துக்கு என்று மட்டும் எழுதியிருந்தது. மறுநாள் ஒரு கேக். அடுத்து பிள்ளைகளுக்கு இரண்டு கனமான கோட்டு, அளவெடுத்த மாதிரி. பிறகு வாரத்தில் மூன்று நாள் சாப்பாடு வர ஆரம்பித்தது. யாரோ முறை வைத்துச் செய்வது போலத் தவறாமல் வந்தது. பள்ளி வாசலில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் தோளை அழுத்தினார். தன் தலையைத் தொட்டுக் காட்டி, என் தலையைக் காட்டி, நீ நல்ல தகப்பன் என்றார். கண் கலங்கியிருந்தது. நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எடைமேடை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் போட்டோ போட்டேன். கேக்கு, சூப்பு, கோட்டு என்று எதையும் விடவில்லை. மனுஷங்கன்னா இவங்கதான்யா, புதுசா ஒரு குடும்பம் வந்தா எப்படித் தாங்குறாங்க பாருங்க என்று எழுதினேன். மனைவிக்குத்தான் ஏதோ உறுத்தியது.

“எங்கூட வேலை பாக்குற கேரளாக்காரங்க வந்து ரெண்டு வருஷமாச்சு. பக்கத்து வூட்டுக்காரங்க பேருகூடத் தெரியாதாம். நமக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்றாங்க?” என்று கேட்டாள்.

“அவங்க யாருகிட்டயும் சிரிச்சுப் பேசிருக்க மாட்டாங்க. நம்ம பழகுற பழக்கம் அப்படி” என்றேன். இதைச் சொல்லும்போது என் வாயில் யாரோ வீட்டுக் கேக் இருந்தது.

இதற்கெல்லாம் மேலாக, என் மகளுக்கு ஒரு தோழி கிடைத்தாள். நான்கு வீடு தள்ளி இருந்த பெண். அவளுடைய அம்மா எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டு வருகிறவர். உயரமான ஆள், மழையானாலும் காற்றானாலும் பையை மாட்டிக்கொண்டு வேகவேகமாக நடப்பார். அந்தச் சிறுமிக்கும் ஏழு வயது. இடுப்புவரை செம்பு நிறத்தில் முடி. என் மகளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, அந்தப் பெண்ணுக்கு அது பெரிதாகவே படவில்லை. மதியம் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருவாள், காற்று அடித்தால் என் மகளின் குல்லாவை இழுத்துக் காது வரைக்கும் மூடிவிடுவாள். பள்ளிக்கே போக மாட்டேன் என்று அழுத பிள்ளை, டிசம்பர் பிறந்ததும் எனக்கு முன்னால் ஷூ மாட்டிக்கொண்டு நின்றாள். அந்த ஒரு சிறுமியால்தான் எங்கள் வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. மனைவியும் என்னோடு சரியாகப் பேச ஆரம்பித்திருந்தாள்.

கிறிஸ்துமசுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை காலை. நல்ல மழை. மனைவிக்கு விடுமுறை, உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். தபால்காரம்மாவும் அவர் மகளும் நின்றார்கள். அந்தப் பெண்ணின் முடியைக் காணவில்லை. காதோடு ஒட்டி வெட்டியிருந்தது. கையில் ஒரு நீள அட்டைப்பெட்டி.

உள்ளே வரச் சொன்னேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த என் மகளிடம் அந்தப் பெண் பெட்டியை நீட்டினாள். திறந்தால் உள்ளே அந்தச் சடை. இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டு, வெள்ளைத் தாளில் சுற்றி வைத்திருந்தது. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இந்த ஊரில் சிநேகிதிக்கு முடியைப் பரிசாகக் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்றுதான் என் புத்தி போனது. ரொம்ப அழகாக இருக்கிறது, ரொம்ப அழகாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னேன்.

தபால்காரம்மா தணிந்த குரலில் மெதுவாகப் பேசினார். நோயாளிப் பிள்ளைகளுக்குச் செயற்கை முடி செய்து தருகிற இடத்துக்கு இதை அனுப்பப் போகிறோம். அனுப்புவதற்கு முன்னால் உங்கள் மகள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இவள் ஆசைப்பட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை, இவளாகவே வெட்டச் சொன்னாள். சிகிச்சை முடிகிற வரைக்கும் உங்களுக்கு எது வேண்டுமானாலும் எங்களைக் கேளுங்கள். தம்பியும் அப்பாவும்கூட முடியை எடுத்துக்கொண்டு அவளுக்குத் துணையாக நிற்பதைப் பார்த்து இந்தத் தெருவே நெகிழ்ந்து போயிருக்கிறது.

சமையலறை வாசலில் தோசைத் திருப்பியோடு நின்ற மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு நிமிஷம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

“என்னாங்க பண்ணி வச்சிருக்கீங்க? எம்பொண்ணுக்கு கேன்சர்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க இந்த ஊரு ஜனமே!”

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. சூப், கேக், கோட்டு, தோளை அழுத்திய பெரியவர், காலையில் மருத்துவமனை வாசலில் அழுகிற பிள்ளை. அங்கே வீட்டில் ஒரு குழந்தைக்கு அந்த நோய் வந்தால், மற்றவர்களும் துணைக்கு மொட்டை அடித்துக்கொள்வார்களாம். மனைவிதான் சொன்னாள். வாராவாரம் கண்ணாடி முன்னால் நின்று நான் வழித்துக்கொண்ட மொட்டை, ஊர்க்கண்ணுக்கு மகளுக்காகச் செய்த தியாகமாகத் தெரிந்திருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். எப்படித் தப்பிப்பது என்றுதான் தோன்றியது. “இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். ரெண்டு மாசத்துல முடி வளந்துரும். கொணமாயிடுச்சுன்னு அவங்களே நெனச்சுக்குவாங்க” என்றேன். சொன்னால் அந்தச் சிநேகிதி போய்விடுவாள், என் மகள் மறுபடி குல்லாவுக்குள் போய்விடுவாள் என்று பயம். அதைவிட, பள்ளி வாசலில் இத்தனை பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்கிற பயம் பெரிது.

மனைவி கத்தவில்லை. “அந்தப் புள்ள முடிய வெட்டிக்கிட்டு வந்து நிக்குது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்று மட்டும் கேட்டாள்.

பதில் சொல்வதற்குள் மாடிப்படியிலிருந்து ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தோம். என் மகள் குல்லாவைக் கழற்றியிருந்தாள். அந்த ஊருக்கு வந்து ஆறு வாரத்தில் எங்கள் இருவரைத் தவிர வேறு யார் முன்னாலும் கழற்றாதவள், தோழி தன் முடியையே வெட்டிக் கொண்டுவந்து காட்டிய பிறகு, தன் தலையையும் காட்ட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அரை விரல் அளவுக்குக் கருகருவென்று முளைத்திருந்தது. அந்தச் சிறுமி இரண்டு கையாலும் அதைத் தடவிக்கொண்டே, அம்மா, வளர்கிறது, அவளுக்குச் சரியாகிவிட்டது என்று கத்தினாள். தபால்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். கண்ணில் ஒரு கேள்வி இருந்தது, வழக்கம் போல அவர் அதைக் கேட்கவில்லை.

நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். எல்லாம் அதோடு முடிந்திருக்கும். அவர்களே குணமாக்கிவிட்டார்கள். வாய் வார்த்தையாக ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த அம்மா முகத்தைப் பார்த்தபோது தலை ஆடவில்லை.

என் எடைமேடை ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். என் மகளுக்கு நோய் எதுவும் இல்லை. இது எங்கள் கோயில் வழக்கம். நான் சாமியிடம் வேண்டிக்கொண்டேன், அதற்காக அவள் முடியைக் கொடுத்தேன். நீங்கள் இப்படி நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் மேல்தான் தப்பு என்று மனைவி சேர்த்துச் சொன்னாள். நான் திருத்தினேன், என் மேல்தான் தப்பு. சொன்னது போதாது என்று பட்டது. போனை எடுத்து ஜெயங்கொண்டத்து வீடியோவைப் போட்டுத் தபால்காரம்மா கையில் கொடுத்தேன்.

மழை நீர் சொட்டுகிற கோட்டோடு நின்றபடி அவர் அதை முழுசாகப் பார்த்தார். முந்திரி மரத்தடி, மச்சான் மடி, சவரக் கத்தி, கண்ணை மூடிக்கொண்டு அழுகிற என் மகள், சந்தனம் பூசிய தலை. பின்னணியில் சும்மா உக்காரு, ஆட்டாத என்று அதட்டுகிற என் குரல். நானே அந்த வீடியோவை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். அதுவரை அதில் மகள் அவ்வளவு அழுதிருக்கிறாள் என்பது என் கண்ணில் பட்டதே இல்லை.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவளுக்கு நோய் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். எப்போதுமே இல்லையா என்றார். எப்போதுமே இல்லை என்றேன். மனைவி பக்கம் திரும்பி, அவள் நர்ஸ் என்று தெரிந்ததாலோ என்னவோ, அவளிடம் மூன்றாவது தடவையாக அதையே கேட்டார். சளி மட்டும்தான் என்றாள் மனைவி. அவ்வளவுதான், அந்த அம்மா படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார். அழுதுகொண்டே சிரித்தார். என் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த முள் முளைத்த தலையில் முத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அவருடைய மகளுக்குத்தான் கோபம். அப்படியானால் நான் எதற்கு முடியை வெட்டினேன் என்று காலை உதைத்து அழுதாள். வேறு ஒரு குழந்தைக்குப் போகும் என்று அம்மா சமாதானம் சொன்னார். வேறு யாருக்கும் நான் வெட்டவில்லை, இவளுக்குத்தான் வெட்டினேன் என்றாள். என் மகளும் சேர்ந்து அழ, எதற்கென்று தெரியாமல் பையனும் அழ, உள்ளே தோசை கருகிப் புகைய, வீடே ஒரே களேபரம். மனைவி மாடிக்குப் போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தாள். மகள் வருவாள், பின்னிவிடலாம் என்று தனியாக இருந்த நான்கு மாதமும் சம்பளம் வாங்கிய அன்றெல்லாம் வாங்கிச் சேர்த்த கிளிப்புகள். மகள் வந்து ஆறு வாரம் ஆகியும் அதை அவள் வெளியே எடுக்கவே இல்லை, அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அந்தச் சிறுமியை முன்னால் உட்கார வைத்து, குட்டை முடியில் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டாள். பதினோரு கிளிப். கண்ணாடியைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் அங்கே நிற்க முடியாமல், தோசைக்கல்லைத் தேய்க்கப் போனேன்.

தபால் கொடுக்கப் போகிற வீடுகளில் தானே சொல்லிவிடுவதாக அந்த அம்மா சொன்னார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். திங்கட்கிழமை, எந்தப் பாத்திரம் யாருடையது என்று அவரிடமே கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது நமக்குப் பழக்கமில்லையே. ஊரிலிருந்து கொண்டுபோன முந்திரியைப் பொட்டலம் கட்டி ஒவ்வொன்றிலும் போட்டேன். பள்ளி வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் அதே கதையைச் சொன்னேன். சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தோளை அழுத்திய பெரியவர், பரவாயில்லை, நீ நல்ல தகப்பன்தான் என்றார். அந்த வார்த்தைதான் என்னைத் திட்டின மாதிரி இருந்தது. கோட்டுகளைத் திருப்பித் தருகிறேன் என்று கொண்டுபோனேன். குளிருக்குக் கோட்டு போடவும் நோய் இருக்க வேண்டுமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

டீச்சர் சொன்னதுதான் இன்னொரு அதிர்ச்சி. பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த படிவத்தில் நான் நோய் எதுவும் இல்லை என்றுதான் எழுதியிருந்தேன், நாங்கள் மறைக்க விரும்புகிறோம் என்று நினைத்து அவர் அதைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்கிறார். பிள்ளைகள் மட்டும் ஒருநாள் என் மகளிடம் முடி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று இவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு எத்தனை வீட்டில் சாப்பாடு இறங்கவில்லையோ.

எல்லாரும் மன்னித்துவிடவில்லை. முறை வைத்துச் சாப்பாடு அனுப்ப ஏற்பாடு செய்ததே ஒரு அம்மாதான். அவர் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். முந்திரிப் பொட்டலத்தை மட்டும் எடுத்து மதில் மேல் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு என்னைப் பார்த்தால் மழையைப் பற்றிக்கூடப் பேசமாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

நான்கு வருடம் அந்தத் தெருவில் இருந்தோம். மனைவிக்குப் பெரம்பலூரிலேயே நல்ல வேலை கிடைத்ததால் போன வருஷம் திரும்பி வந்துவிட்டோம். சொந்த ஊருக்கு வந்த பிறகு அந்த ஊருக்காக ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் இங்கே வெயில் கொளுத்துகிற மதியத்தில், அந்த ஓயாத மழையும், பள்ளி வாசலில் ஈரக் கோட்டுகளின் வாடையும், கிளிப் குத்திய குட்டை முடியும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. முடி இடுப்பைத் தொடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் அந்தத் தோழியோடு போனில் ஒரு மணி நேரம் பேச்சு. நடுவில் தபால்காரம்மா எட்டிப் பார்ப்பார். என் மகளைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்பார். இவள் நன்றாக இருக்கிறேன் என்பாள். இரண்டு பேருக்கும் அது சாதாரணப் பேச்சு, நான்தான் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு எழுந்து போவேன்.

நான் அன்றைக்கு எதிர்பார்த்தது கோபத்தை. ஆறு வாரம் ஏமாந்துபோனவருக்குக் கோபம்தானே வர வேண்டும்? அவருக்குத் தான் ஏமாந்தது நினைவிலேயே இல்லை. என் பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்கிற ஒரே செய்தி போதுமாக இருந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் சாமியிடம் விசா கேட்டிருக்கிறேன், வேலை கேட்டிருக்கிறேன், பரீட்சையில் பாஸ் கேட்டிருக்கிறேன். என் மகள் வெறுமனே ஆரோக்கியமாக இருக்கிறாள் என்பதற்காக ஒரு அந்நியப் பெண் ஈரக் கோட்டோடு என் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததைப் பார்த்த பிறகுதான், அது எவ்வளவு பெரிய வரம் என்று அவளைப் பெற்ற எனக்கே தெரிந்தது.